ஐந்து ஒன்றான கட்டிங் ஆர்டர்

இயந்திரம் நின்றால் நான்கு திரைகளிலும் எழுத்துகள் அசைவில்லாமல் அப்படியே இருக்கும். மூலையில் தனியாக இருந்த இன்னொரு திரையில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். வரியின் முதல் சொல் ‘பேனிக்’. திகில் என்று பொருள். தட்டிக்கொண்டிருந்த பெண்கள் நான்கு பேரும் ஒரே குரலில் “ஐயோ” என்பார்கள். அன்று காலையிலிருந்து செய்ததில் எது பதிவாகியிருக்கிறது, எது போய்விட்டது என்று அதற்குப் பிறகுதான் தேடவேண்டும்.

அந்தச் சொல் அவர்கள் பேச்சில் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. “எங்க அண்ணி காலையிலயே பேனிக் ஆயிட்டாங்க, டிபன் இல்ல” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலை இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. இன்று கலெக்டர் ஆபீஸ் நிற்கும் வேங்கிக்காலில் நெல் விளைந்துகொண்டிருந்தது. நான் ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செங்கம் சாலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்றார்கள். ஊருக்கு அது செய்தி. போய்ப் பார்த்து எழுதினேன். பிறகும் அடிக்கடி போனேன். என் செய்திகளைத் தட்டச்சு செய்ய அங்கேதான் இடம் கிடைத்தது.

இன்ஸ்டிட்யூட் நடத்தியவர்தான் கம்ப்யூட்டருக்கும் முதலாளி. கீழே டைப்பிங் பரீட்சையில் ஹையர் பாஸ் செய்த பெண்களில் நான்கு பேரை மாடிக்கு ஏற்றியிருந்தார். ஒருத்தி பஸ் கம்பெனிக்கு டிரைவர், கண்டக்டர் டியூட்டி போட்டாள். இன்னொருத்தி ஒரு டுடோரியலுக்கு மதிப்பெண் ஏற்றினாள். மற்ற இருவருக்கும் சர்க்கரை மில் வேலை. முதலாளிக்குச் சோறு போட்டது அதுதான்.

மில் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கரும்பு பயிரிடுகிறவர் நட்ட மாதத்தை மில்லில் பதிந்துவைப்பார். வயது முதிர்ந்த கரும்பு முதலில், இளையது பின்னால் என்று வரிசைப்படி மில் வெட்டச் சொல்லும். அப்படிச் சொல்லும் சீட்டுக்குக் கட்டிங் ஆர்டர் என்று பெயர். சீட்டு வராமல் வெட்டினால் லாரி வராது, எடைமேடையில் ஏற்றமாட்டார்கள். சீட்டு தாமதமானால் கரும்பு பூத்து, நடுவில் சக்கையாகி, எடை குறையும். முன்பு இந்தச் சீட்டை மில் குமாஸ்தாக்கள் எழுதினார்கள். யார் யாருக்கு வேண்டியவர் என்பதைப் பொறுத்துத்தான் சீட்டு வருகிறது என்று ஊர்ப்பக்கம் எல்லோரும் நம்பினார்கள். நம்பியது முழுக்கத் தவறு என்று சொல்லமுடியாது. அதனால்தான் மில் அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. தினமும் நான்கு மணிக்கு மில் ஜீப் வந்து சீட்டுக் கட்டை வாங்கிப்போகும்.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. பிற்பகலில் வோல்டேஜ் கம்மி, ஏ.சி. உறுமும், குளிராது. இயந்திரம் வாரத்தில் இரண்டு மூன்று முறை நின்றது. நான்கு வேலையும் சேர்ந்து நின்றன. ஜீப் டிரைவர் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்.

பிறகு ஒரு நாள் நிற்பது நின்றுபோனது.

*

என் மனைவியின் தம்பி அந்தச் சமயம் எங்கள் வீட்டில் படுத்திருந்தான். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாடியில் இருந்த இயந்திரம் அவன் கம்பெனி செய்ததுதான். மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, பஸ்ஸில் வந்து இறங்கினான். சொந்த ஊர் தானிப்பாடிப் பக்கம். அங்கே டாக்டர் இல்லை என்று அக்கா இங்கேயே நிறுத்திக்கொண்டாள். கீழாநெல்லி, மோர், உப்பில்லாத சாதம். படுத்தபடியே பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருப்பான். எழுதுவதற்கு என் நியூஸ்பிரின்ட் தாள்களைத் தீர்த்தான்.

“இன்னாடா இது, லீவுலயும்?” என்றாள் அக்கா.

“ஒரு சண்டைக்கா. ஆபீஸ்ல ஆரம்பிச்சது. இன்னும் முடியல.”

சண்டை இதுதான். கம்ப்யூட்டருக்குள் ‘கெர்னல்’ என்று ஒரு அடிப்படை புரோகிராம் உண்டு. மற்ற எல்லா வேலைகளுக்கும் இடமும் நேரமும் பிரித்துக் கொடுப்பது அது. அதை எழுதும் குழுவில் அவன் இருந்தான். மெமரியில் எல்லாமே எரிந்தோ அணைந்தோ இருக்கும் புள்ளிகள்தானாம். ஒவ்வொரு எட்டு புள்ளிக்கும் ஒன்பதாவதாக ஒரு காவல் புள்ளி இருக்குமாம். எட்டில் ஒன்று தானாக மாறிவிட்டால் ஒன்பதாவது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எது மாறியது என்று அதற்குத் தெரியாது. ஏதோ கெட்டுவிட்டது என்பது மட்டும் தெரியும். திருத்த வழியில்லை. அந்த நேரத்தில் கெர்னல் என்ன செய்யவேண்டும்?

“இப்ப இன்னா பண்ணுது?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் நிறுத்திடுது மாமா. என் தலைவர் அதுதான் சரின்றாரு. கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்புறம் எதை நம்பி ஓட்டறதுன்றாரு. கஸ்டமருங்க இன்னான்றாங்கன்னா, நிக்கவே கூடாது, ஒரு எழுத்து மாறினா மாறிட்டுப் போவட்டும்ன்றாங்க.”

“நீ?”

“ரெண்டும் தப்புன்றேன். அதான் ரெண்டு பேரும் திட்றாங்க.”

அவன் எண்ணம் எனக்குப் புரிய நேரமாகவில்லை. கெட்ட இடம் யாருடையது என்று முதலில் பார்க்கவேண்டும். யாரும் பயன்படுத்தாத இடம் என்றால் அதை ஒதுக்கி வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. டிஸ்கில் வேறு பிரதி இருக்கும் விஷயம் என்றால் அதை இன்னொரு இடத்தில் மறுபடி படித்துக்கொள்ளலாம். பஸ் கம்பெனி வேலையின் இடம் என்றால் அந்த வேலையை மட்டும் நிறுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிடவேண்டும். மற்ற மூன்று பெண்களும் தட்டிக்கொண்டிருக்கட்டும். கெர்னலின் சொந்த இடமே கெட்டால், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கே கெட்டுவிட்டது என்று பொருள். அப்போது எல்லாவற்றையும் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

“உங்க பேப்பர்ல இன்னா பண்ணுவீங்க மாமா?” என்று கேட்டான்.

எழுபதுகளில் நான் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீஸில் டிரங்க் காலில் வரும் செய்திகளை எழுதியெடுக்கும் வேலையில் இருந்தேன். லைனில் இரைச்சல் வந்து ஒரு பெயர் கேட்காமல் போகும். ஊகித்து எழுதக்கூடாது என்பது அங்கே விதி. பெயர் உறுதியாகாவிட்டால் அந்தச் செய்தி அன்றைக்கு இல்லை. அதற்காகப் பக்கம் நிற்காது. வேறு ஏதாவது போட்டு அடைப்பார்கள். தலைப்புக்குக் கீழே தேதி தவறாக விழுந்தால் மட்டும் ஓடுகிற மெஷினை நிறுத்துவார்கள். அவசரநிலையில் தணிக்கை அதிகாரி வெட்டிய இடத்தைச் சில பத்திரிகைகள் வெள்ளையாகவே விட்டன. எதையோ எடுத்துவிட்டார்கள் என்று வாசகனுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளில் வெள்ளை இடமும் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

இதையெல்லாம் சொன்னேன். அவன் தலையணையில் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

“அதான் மாமா. வெள்ளையா வுடணும். அதுக்கு மேல வேற எதையாவது அச்சடிச்சு மூடக்கூடாது.”

“சாப்பிடுடா மொதல்ல,” என்று அக்கா மோர் சாதத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

*

முதலாளி இரண்டு இளநீரோடு வந்தார். இயந்திரத்தின் உள்பகுதியை எழுதுகிறவன் ஊரில் படுத்திருக்கிறான் என்று என்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டிருந்தார்.

“தம்பி, உங்க மெஷின் இப்ப சிங்கம் மாதிரி ஓடுது. மூணு வாரமா ஒரு பேனிக் இல்ல.”

அவன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். “வெயில் ஜாஸ்தியா கீது. எப்படிங்க நிக்காம ஓடுது? மெமரி போர்டு மாத்தினாங்களா?”

“போர்டெல்லாம் எங்க கிடைக்குது? வேலூர்ல இருந்து சர்வீஸ்காரர் வந்தாரு. அஞ்சு நிமிஷ வேலை. மூடிட்டுப் போயிட்டாரு.”

அவர் போனபின் அவன் இளநீரைக் கீழே வைத்தான். “அஞ்சு நிமிஷத்துல அதை சரி பண்ண முடியாது மாமா,” என்றான். “வாய அடைக்கத்தான் முடியும்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் என் மாமனார் வந்தார். தோளில் வாழைத்தார், கையில் வேர்க்கடலைப் பை. அவருக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரே கிணறு. அந்த வருஷம் கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போனது. மோட்டார் அரை மணி ஓடினால் காற்றை இழுத்தது. வைகாசியில் நட்ட கரும்பு. அதற்கு முறை வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை தண்ணீர் தாங்காது என்று அவர் போன தடவை வந்தபோதே சொல்லியிருந்தார்.

அன்று முகம் வேறாக இருந்தது. நுழைந்ததும் மகனைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா நைனா, சந்தோஷமா கீறே?” என்றான் அவன்.

“நீ கேக்கறியா? கேளுங்க மாப்ள, இவன் கேக்கறதப் பாருங்க.” மேல்துண்டின் முடிச்சை அவிழ்த்து ஒரு சீட்டை எடுத்தார். “ஆர்டர் வந்துட்ச்சு. வர்ற திங்கக்கெழம வெட்டு.”

அவன் சீட்டை வாங்கினான். கம்ப்யூட்டர் அச்சு. பெயர், சர்வே எண், பரப்பு எல்லாம் சரி. நட்ட மாதம் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. ஜனவரி.

“இது அஞ்சா இருக்கணும்,” என்றான். “மே மாசம்தானே நட்டோம்? நான் வந்திருந்தேனே.”

“ஆமா. அஞ்சை ஒண்ணா ஆக்கினதாலதானே நாலு மாசம் முதிர்ந்த கரும்பா ஆயி மேல ஏறிக்கிச்சு? எல்லாம் எனக்குப் புரியாம இல்ல. ஒரே ஒரு எண்ணு! வேற எவனா இருந்தாலும் பேரு மாத்தறேன், நிலத்த மாத்தறேன்னு மாட்டிக்கினு இருப்பான்.” என் பக்கம் திரும்பினார். “படிச்ச புத்தி மாப்ள.”

“நைனா, இத நான் பண்ணல.”

“தெரியும்டா. வெளிய அப்படித்தான் சொல்லணும்.”

அவன் என் பென்சிலை எடுத்துத் தாளில் இரண்டு வரி போட்டான். கம்ப்யூட்டருக்குள் ஐந்தை எப்படிக் குறிக்கிறார்கள், ஒன்றை எப்படிக் குறிக்கிறார்கள் என்று. இரண்டுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் புள்ளி வெயிலில் தானாக விழுந்திருக்கிறது, விழுந்ததைச் சொல்லவேண்டிய காவல் புள்ளியின் வாயை யாரோ கட்டிவிட்டார்கள் என்று விளக்கினான். மாமனார் பொறுமையாகக் கேட்டார்.

“தானா விழுந்துச்சா?”

“ஆமா நைனா.”

“ஊருல இத்தினி பேருக்குக் கரும்பு கீது. தானா விழுந்தது, கரெக்டா உங்க அப்பன் சீட்டுல வந்து விழுந்துச்சா?”

நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

மகன்தான் மாற்றினான் என்று நினைத்தது மாமனார் மட்டும் இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கரும்பைப் பார்த்து முதிர்ச்சி சொல்லவேண்டிய மில்லின் ஃபீல்டுமேன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இது மேலிடத்து விவகாரம் என்று பேசாமல் போயிருக்கிறார். அந்த வாரத்திலேயே தானிப்பாடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு பூசணிக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி மெஷினிடம் தங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்கள். பூசணிக்காயைத் திருப்பிக் கொடுக்க என் மனைவி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

*

மாமனார் சீட்டோடு வந்த அன்றே அவனும் நானும் மாடிக்குப் போனோம். அவனுக்குப் படி ஏற மூச்சு வாங்கியது. முதலாளியிடம் கேட்டு இயந்திரத்தை அணைத்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். மெமரி போர்டின் ஓரத்தில் இரண்டு சின்னக் கம்பிகளை இணைக்கும் ஒரு கிளிப் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கிளிப்பைத் தொலைக்கவில்லை, ஒரு துண்டு செல்லோ டேப்பில் வைத்து உள்பக்கமே ஒட்டியிருந்தார்கள். சர்வீஸ்காரர் நேர்மையானவர்தான்.

“இத எடுத்தா தப்பு நிக்காதுங்க. தப்பு நடந்துச்சுன்னு சொல்றதுதான் நிக்கும்,” என்றான்.

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “தம்பி, நான் இருபது வருஷமா டைப்பிங் சொல்லிக் குடுக்கறேன். ஒரு எழுத்து தப்பா விழுந்தா மெஷினையா நிறுத்தறோம்?”

“அங்க தப்பு தாள்ல தெரியும்.”

“சரி. நாலு மணிக்கு ஜீப் வருது. சீட்டு இல்லன்னா நாளைக்கு வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா மில்லு காலியா சுத்தும். நூறு சீட்டுல ஒண்ணு தப்பா போறது பெருசா, நூறும் போகாம நிக்கறது பெருசா? நீங்களே சொல்லுங்க.”

நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது.

“எந்த ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா நீங்க சொல்றது சரிங்க,” என்றான். “தெரியாதுல்ல. அப்ப நூறையும் சந்தேகப்படணும். மூணு வாரமா போன எல்லாத்தையும் சந்தேகப்படணும்.”

முதலாளிக்கு அப்போதுதான் விஷயம் எட்டியது. “மில்லுக்குச் சொல்லணுமா?”

“சொல்லணும்.”

“உங்க அப்பா சீட்டு?”

பெண்கள் நான்கு பேரும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். மாமனாரின் சீட்டுச் செய்தி மாடிப்படி ஏறி வர எங்களைவிடக் குறைந்த நேரமே ஆகியிருக்கிறது.

“அதையும் சேர்த்துத்தான்,” என்றான். டேப்பைப் பிய்த்து, கிளிப்பை எடுத்து, இருந்த இடத்தில் மாட்டினான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“தப்புன்னே வெச்சுக்குவோம். அது எனக்கு நல்லதுதானே பண்ணிருக்குது?”

“வேற எவனுக்கோ கெட்டது பண்ணிருக்கும் நைனா. உன்ன மேல ஏத்தினா ஒருத்தன் கீழ எறங்கிருப்பான்.”

“அவன் வந்து உன்ன கேட்டானா?”

“அவனுக்குத் தெரியாது.”

“தெரியலன்னா வுட்டுடு. கெணத்துல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா? வந்து எட்டிப் பாரு. அடியில பாறை தெரியுது. வைகாசி வரைக்கும் எத்தக் கொண்டாந்து ஊத்தறது?”

என் மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெட்டு ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்,” என்றார் மாமனார். “பத்து குடும்பம். ஞாயித்துக்கெழம வந்து எறங்குறாங்க. அவுங்ககிட்ட இன்னா சொல்லட்டும்? எம்புள்ள பேனிக் ஆயிட்டான்னு சொல்லட்டுமா?”

சோற்றை முடிக்காமல் எழுந்து கை கழுவினார். வாழைத்தாரை விட்டுவிட்டு, கடலைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கடலை மகனுக்குப் பிடிக்கும்.

மில் அந்த மூன்று வாரச் சீட்டுகளையும் ஃபீல்டுமேன்களிடமிருந்த நடவுப் பதிவோடு ஒத்துப்பார்த்தது. மாறியவை சில இருந்தன. ஒருவருக்கு நிலப் பரப்பு பெருகியிருந்தது. இன்னொருவரின் கரும்பு மில்லின் கணக்குப்படி இன்னும் நடவே ஆகவில்லை. அவர் வயலில் கரும்பு பூத்து நின்றுகொண்டிருந்தது. மாமனாரின் சீட்டு ரத்தானது. வெட்டு ஆட்கள் வந்து இறங்கி, விஷயம் தெரிந்து, வேறு ஊருக்குப் போனார்கள்.

ஊரார் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பையன் முதலில் செய்துவிட்டான், பிறகு மேலதிகாரி கேட்டதும் பயந்துபோய்த் திருப்பி ஐந்தாக்கிவிட்டான். மாமனாரும் அதைத்தான் நம்பினார். செய்யாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, செய்ததில் நிற்கத் தைரியம் இல்லையே என்பதுதான் அவர் வருத்தம். என்னிடம் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொன்னார். மகனிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

*

கண்ணில் மஞ்சள் தெளிந்ததும் அவன் சென்னைக்குப் போனான். என் நியூஸ்பிரின்ட் தாள்களை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனான். அவன் தலைவர் சம்மதிக்கவில்லை. கெட்ட மெமரியை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி புத்திசாலித்தனம் பண்ணாதே, போர்டை மாற்று என்றிருக்கிறார். போர்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வரும்வரை என்ன செய்வது என்று இவன் கேட்டிருக்கிறான். திருவண்ணாமலை முதலாளியும் விடாமல் டிரங்க் கால் போட்டபடி இருந்தார். கிளிப்பை மாட்டியதிலிருந்து இயந்திரம் பழையபடி அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று தலைவர் இறங்கிவந்தார். சித்திரை முடியும் சமயம் அவன் தான் எழுதிய கெர்னலைப் பதிந்த ஒரு மேக்னடிக் டேப்போடு வந்து இறங்கினான்.

வெயிலுக்குப் பயந்து ஊர் பகலில் நடமாடாத நாட்கள் அவை. மலையிலிருந்து வரும் அனல் மாடி அறைக்குள் நேராக வந்தது. புதிய கெர்னல் ஏறிய பின்னும் ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் மாடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம் வைகாசி முறைக்காரர்களுக்குச் சீட்டு போட ஆரம்பித்தார்கள். மாமனார் காலையிலேயே வந்துவிட்டார். சீட்டு மில்லுக்குப் போய், மில்லிலிருந்து ஊருக்கு வரும்வரை அவர் காத்திருக்கத் தயாராக இல்லை. வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பைப் பற்றிக் கேட்டேன்.

“ஓரமெல்லாம் காஞ்சிட்ச்சு. நடுவுல கொஞ்சம் பச்ச கீது. இன்னும் பத்து நாள் போனா அதுவும் அடுப்புக்குத்தான்.”

மகன் அறைக்குள் இருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிற்பகலில் பிரிண்டர் சீட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தோம். திடீரென்று அது நின்றது. மூலைத் திரையில் ஒரு வரி விழுந்தது.

“பேனிக்!” என்றாள் மில் வேலை பார்த்த பெண்.

“இல்லக்கா, எனக்கு ஓடுது,” என்றாள் பஸ் கம்பெனிப் பெண். டுடோரியல் பெண்ணும் விரலை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் மூலைத் திரைக்குப் போய்ப் படித்தான். மில்லின் சீட்டு போடும் வேலை நிறுத்தப்பட்டது, அது பயன்படுத்திய மெமரியில் பிழை, அந்த இடம் ஒதுக்கப்பட்டது, மற்ற வேலைகள் நடக்கின்றன என்று அதன் ஆங்கிலம் சொன்னது. வாய்விட்டு இரண்டு முறை படித்தான். முதலாளி எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார்.

மாமனாரும் உள்ளே வந்துவிட்டார். “இன்னா ஆச்சு?”

அவன் திரும்பினான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“மெமரில ஒரு எடம் கெட்டுப்போச்சு நைனா. மில்லு வேலைய மட்டும் நிறுத்திட்ச்சு.”

“என் சீட்டு வந்துட்ச்சா?”

“இன்னும் வரல.”

“அதுல கை வெச்சுதா?”

“தெரியாது. வெச்சிருக்கலாம். அதான் நிறுத்தச் சொன்னேன். இதுவரைக்கும் அச்சானதெல்லாம் சரி. மீதிய மொதல்ல இருந்து ஓட்டணும்.”

மாமனார் பெண்ணின் கீபோர்டைப் பார்த்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனின் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். அது அறையின் எதிர்ப்பக்கம், ஜன்னலோரம். அங்கே கீபோர்டு எதுவும் இல்லை. பாதி சாப்பிட்ட டீ கிளாஸ் மட்டும் இருந்தது.

“யாரும் தொடலியே,” என்றார்.

“யாரும் தொடல.”

“நீ அங்கதானே குந்திக்கினு இருந்தே?”

“ஆமா.”

“பொண்ணு, நீ எத்தயாவது அமுக்கினியாம்மா?”

“இல்லீங்க தாத்தா. சும்மா பாத்துக்கினு இருந்தேன். அதுவா நின்னுட்ச்சு.”

மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மூலைத் திரையின் அருகே போய், தெரியாத ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைக் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கும் இப்படித்தானா?” என்று கேட்டார். “யாரும் தொடாமயா?”

“இப்படித்தான் நைனா. அன்னிக்கு அது சொல்லல. அவ்ளோதான்.”

பஸ் கம்பெனிப் பெண் தட்டிக்கொண்டே இருந்தாள். கீழே ஜீப் வந்து ஹார்ன் அடித்தது. முதலாளி ஜன்னல் வழியாக எட்டி, அச்சான சீட்டுகள் தயார், மீதி ஒரு மணி நேரத்தில் என்று கத்தினார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே எதிரே டீக்கடைக்குப் போனார்.

“மறுபடி ஓட்ட ஒரு மணி நேரம் ஆவுமா?”

“ஆவும்.”

“திரும்ப நின்னா?”

“திரும்ப ஓட்டுவேன்.”

“சரி, ஓட்டு,” என்றார் மாமனார். பெஞ்சுக்குப் போகாமல், மகன் காலி செய்த நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஓட்டத்தில் அது நிற்கவில்லை. அவருடைய சீட்டு வந்ததும் மகனே கிழித்துக்கொண்டுவந்து காட்டினான். வைகாசிக் கரும்பு, முறைப்படி, அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டு. அவர் அதைக் கையில் வாங்காமல், விரலால் தொட்டுப் பார்த்தார். “ஜீப்புல போவட்டும். வர்ற வழியில வரட்டும்,” என்றார். மகன் சீட்டைக் கட்டோடு சேர்த்தான்.

“வெட்டுக்கு ஆளு கிடைக்குமா மாமா?” என்று நான் கேட்டேன்.

“கிடைக்கறது கஷ்டம் மாப்ள. அந்தப் பத்து குடும்பம் இனிமே என்னை நம்பி வராது.” படியில் இறங்கத் தொடங்கியவர் நின்று மேலே பார்த்தார். “டேய், வெள்ளிக்கெழம லீவு போடு. நீயும் வந்து வெட்டு.”

அவன் லீவு போட்டான். அக்காவும் நானும் போனோம். முதலாளிகூட இரண்டு பெண்களை அனுப்பினார். அவர்கள் வெட்டியதைவிடத் தின்றது ஜாஸ்தி. எடைமேடையில் முள் போன வருஷ எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மாமனார் முள்ளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், “அது சரியாத்தான் சொல்லும்” என்றார். லாரியிலேயே ஏறிக்கொண்டு இருவரும் ஊருக்குப் போனார்கள்.